மூச்சு சார் போட்ட மார்க்கு

இந்த ஹைதராபாத்தில் பிறந்தவர்கள், பிழைக்க வந்தவர்கள், ரயில் மாறி வந்து இறங்கியவர்கள் யாராக இருந்தாலும் சரி, ஒருவருக்கும் முழு மார்க்குப் போடாத மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் மூச்சு சார்தான். பிரியாணிக்குப் போட்டதில்லை. சொந்த மாப்பிள்ளைக்குப் போட்டதில்லை. கிறிஸ்துமஸ் அன்று சர்ச்சில் உயிரைக் கொடுத்துப் பாடிய பாடகர் குழுவுக்குப் போட்டதில்லை. அவர் வீட்டு ஆன்ட்டி வைக்கிற மீன் குழம்பின் வாசனைக்கு ஏ.எஸ்.ராவ் நகரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். அந்தக் குழம்பு கல்யாணமான நாளிலிருந்து அறுபத்தேழிலேயே நிற்கிறது.

அறுபத்தேழு என்றால் நூற்றுக்கு இல்லை, எழுபதுக்கு. மூச்சு சாரின் உலகத்தில் மார்க்கு எழுபதோடு முடிந்துவிடும். ஏன் எழுபது என்று கேட்டால், "அமெரிக்காக்காரன் அப்படி வச்சிட்டான்டே. அவன்கிட்ட போய்க் கேளு" என்பார். காசுகளின் தரத்துக்கு மார்க்குப் போடுகிற கணக்கு அது. மார்க்கு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறதாம். ஆனால் அவர் சேர்க்கிற காசுகளில் அறுபதுக்குக் கீழே போனது அடிபட்ட காசு. இந்தப் பள்ளிக்கூடத்தில் அறுபத்துநாலு வாங்கியவன் கடைசி பெஞ்சில் இருக்கிறான் என்று அர்த்தம்.

அவர் சேர்ப்பது புரூஃப் காசு. கொடுத்துக் கீரை வாங்குகிற காசு இல்லை. நாணயச்சாலையில் மெருகேற்றிய அச்சை வைத்து, மெருகேற்றிய வில்லையை ஒரு முறைக்கு இரண்டு முறை அழுத்தி அடித்து, கையுறை போட்ட கையால் எடுத்து, கண்ணாடி போன்ற டப்பிக்குள் வைத்துத் தருவார்கள். வெற்றிடமெல்லாம் முகம் பார்க்கிற மாதிரிப் பளபளக்கும். உருவமும் எழுத்தும் மட்டும் ஃப்ரிஜ்ஜிலிருந்து எடுத்தாற்போல் வெள்ளையாகப் பனி பூத்து நிற்கும். அதைச் செலவழிக்கக் கூடாது, தொடக் கூடாது. பார்க்கலாம். அதையும் மூச்சு விடாமல் பார்க்க வேண்டும்.

பெயர் வந்ததும் அதனால்தான். காசுக்கு மேல் குனிந்து பேசினால் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளி ஒன்று தெறிக்குமாம். அது அப்போதைக்குச் சாதுவாக இருந்துவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்துப் பழுப்புப் புள்ளியாக முளைக்குமாம். ஆகவே அவர் டப்பியைத் திறந்துவிட்டால் ஒருவரும் பேசக் கூடாது, இருமக் கூடாது. "மூச்சு, மூச்சு" என்று கையை ஆட்டுவார். காசுக் கண்காட்சிகளில் தெலுங்கு வியாபாரிகள் 'ஊபிரி சார்' என்றார்கள். அதையே நாங்கள் 'மூச்சு சார்' என்று தமிழ்ப்படுத்திக்கொண்டோம். அவருடைய ஞானஸ்நானப் பெயர் ஆன்ட்டிக்கும் பேங்குக்கும் மட்டும்தான் தெரியும்.

ஃபேன் ஓடினால் தூசி பறக்கும் என்று, காசு பார்க்கிற நேரத்தில் வீட்டு ஃபேன் அத்தனையும் நின்றுவிடும். இது மே மாதத்துக்கும் பொருந்தும். ஒரு முறை பாஸ்டர் வீடு சந்திக்க வந்தார். மேஜைமேல் டப்பி திறந்திருந்தது. பாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உரத்த குரலில் ஜெபத்தை ஆரம்பித்தார். மூச்சு சார் அவருடைய இரண்டு தோளையும் மெதுவாகப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். பாஸ்டர் கண்ணைத் திறந்தபோது எதிரே காலண்டர் இருந்தது.

"தப்பா எடுத்துக்கிடாதீங்க பாஸ்டரய்யா" என்றார் சார். "ஆண்டவரு எந்தப் பக்கமும் இருக்காரு. காசு இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கு."

கொரோனா வந்து ஊர் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு அலைந்தபோது மூச்சு சார் ஒருவர்தான் நிம்மதியாக இருந்தார். பால்கனியில் நின்று தெருவில் போகிறவர்களைத் திருப்தியோடு பார்ப்பார். "இப்பமாவது ஜனங்களுக்குப் புத்தி வந்துச்சே" என்பார்.

வேலையில் இருந்த காலத்தில் சார் சனத்நகரில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். செய்து வருகிற உருப்படிகளைப் பார்த்து, சரி, சரியில்லை என்று சொல்கிற வேலை. 'சரி' என்பதை அவர் வாயால் கேட்டவர்கள் குறைவு என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். குடும்பம் திருநெல்வேலிப் பக்கம். இரண்டு தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருந்தும் நாக்கு இன்னும் தாமிரபரணியில்தான் நனைந்துகொண்டிருக்கிறது.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம். நான் பயந்தவன். எட்டாவது வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளைத் திருப்பாமலேயே மயக்கம் போட்டு விழுந்து, அதோடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். எனக்கு அங்கே அடிக்கிற சங்குச் சத்தமே ஆகாது. எப்படியோ டிரைவிங் கற்றுக்கொண்டு ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். பச்சை விளக்கு எரியும்போதே, திடீரென்று சிவப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று நிறுத்திவிடுவேன். ஹப்சிகுடாவில் ஏறியவர்கள் ரயிலைப் பிடித்ததாக வரலாறு இல்லை. முதலாளி ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். "பாபு, நுவ்வு மஞ்சிவாடிவே. கானி ரோடு நீகோசம் ஆகது" என்றார். நீ நல்லவன்தான், ஆனால் ரோடு உனக்காக நிற்காது என்று அர்த்தம்.

அந்த வாரக் கடைசி சவாரிதான் மூச்சு சார். நாம்பள்ளியில் காசுக் கண்காட்சிக்குப் போகிறார். மடியில் டவல் சுற்றிய ஒரு பெட்டி. ஏறும்போதே சொன்னார்:

"தம்பி, குலுங்கப்படாது. உள்ள காசு ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டுன்னா கீறல் விழுந்துரும். பைய போ."

எனக்குப் பின்சீட்டில் வெடிகுண்டு வைத்தது போல் ஆகிவிட்டது. தார்நாகா தாண்டி முதல் வேகத்தடை வந்தது. வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், அது எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வந்து, தேய்ந்த பக்கமாக ஏற்றி இறக்கினேன். அடுத்த தடையிலும் அப்படியே. பின்னால் பஸ்ஸும் லாரியும் அடித்த ஹாரனில் என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து, "கைக்கு பாய், ரோடை வாங்கப்போறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். எதுக்கு என்பதற்கு இந்த ஊரில் 'கைக்கு' என்பார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண்காட்சியில் மேஜைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். இன்றோடு வேலை போயிற்று என்று கதவைத் திறந்துவிட்டு நின்றேன்.

சார் இறங்கவில்லை. பெட்டியைத் திறந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்து ஒவ்வொரு டப்பியாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரொம்ப பயப்படுதியோ?"

"ஹவ் சார், ஆமா சார். சின்ன வயசுலேர்ந்தே சார்."

"கையி வேர்க்குதோ?"

"எப்பவும் வேர்க்கும் சார்."

"வேர்க்கட்டும். பயமில்லாத பயலுவதான் காசக் கெடுக்கானுவ" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அறுபத்தஞ்சு" என்றார்.

கிலோமீட்டரைச் சொல்கிறார் என்று நினைத்தேன். எழுபதுக்கு அறுபத்தைந்து என்று ஆன்ட்டி பிறகு விளக்கினார். என் வாழ்க்கையில் பரீட்சை எழுதாமல், மயக்கம் போடாமல் வாங்கிய முதல் மார்க்கு. அது அப்படியொன்றும் பெரிய மார்க்கு இல்லை என்று பின்னால் தெரியவந்தது. அதற்குள் வீட்டில் லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து நான் அவருடைய டிரைவர். கார் அவருடையது, பயம் என்னுடையது. ஊரில் எந்த வேலைக்கும் உதவாத ஒரு குணத்தை வேலைக்கு வைத்துக்கொண்ட ஒரே மனிதர் அவர். இதை நினைத்து நினைத்து நான் நன்றி சொன்னதுண்டு. அவரிடம் நேரில் சொன்னதில்லை. சொன்னால் சொன்ன விதத்துக்கும் மார்க்குப் போடுவார்.

போடாமல் இருக்க அவரால் முடியாது. மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை ஜன்னலோரம் உட்காரவைத்து, வெளிச்சம் சாய்வாக விழுகிற மாதிரி முகத்தை இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்றார். புரூஃப் காசின் மயிரிழைக் கீறல்கள் சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியுமாம். மாப்பிள்ளைப் பையன் பாவம், போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். முடிவில், "பளபளப்பு இருக்கு. விளிம்பும் பரவால்ல. அறுபத்துநாலு" என்று தீர்ப்பு வந்தது. பையனின் அப்பா எழுந்துவிட்டார். ஆன்ட்டி மீன் குழம்பைக் காட்டி உட்காரவைத்தார். கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றைக்கும் அந்த மாப்பிள்ளை போனில், "மாமா, நான் அறுபத்துநாலு பேசறேன்" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

பேரக்குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லோரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். சார் மட்டும் குழந்தையின் இரண்டு பக்கத்தையும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கினார். முகத்தில் கைரேகை பட்டுவிடக்கூடாதாம். நர்ஸம்மா அலறிப் பிடுங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய துக்கம் மல்லேஷால் வந்தது. மல்லேஷ் சனத்நகரில் சாரோடு வேலை பார்த்தவர். சாருக்கு ரொம்ப நாளாகக் கிடைக்காத ஒரு புரூஃப் காசை எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். பெரியவருக்கு ஒன்றைக் கொடுக்கும்போது அப்படியே நீட்டலாமா? டப்பியிலிருந்து காசை எடுத்து, சட்டை நுனியில் அழுத்தி நன்றாகத் துடைத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். மூச்சு சார் நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"கொன்னுட்டியே மல்லேசு."

"கைக்கு சார்? சாஃபிச் கியா நா மைய்" என்றார் மல்லேஷ். சுத்தம்தானே செய்தேன் என்கிறார். சட்டைத் துணி பட்ட இடமெல்லாம், பூனை பிறாண்டிய கண்ணாடி மாதிரி இழை இழையாகக் கோடு. அன்று மத்தியானம் சார் சாப்பிடவில்லை. இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி மல்லேஷும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். அந்தக் காசை மட்டும் சார் யாருக்கும் கொடுக்கவில்லை. மார்க்கும் போடவில்லை.

இப்படிப்பட்டவரிடம் 'மகராசி' என்றொரு காசு இருந்தது. அவர் வைத்த பெயர்தான். கையகல வெள்ளிக் காசு. அவருடைய சேர்ப்பிலேயே அவர் எழுபது என்று நம்பிய ஒரே காசு. ஆனால் அவர் நம்பினால் போதாதாம். கடல் கடந்து ஒரு கம்பெனிக்கு அனுப்பினால், அங்கே முன்பின் தெரியாத ஆட்கள் பார்த்து, மார்க்கு எழுதி, மறுபடி திறக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டியில் மூடி அனுப்புவார்கள். அதுதான் காசு உலகத்தில் செல்லும். அறுபத்தொன்பதுக்கும் எழுபதுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத அந்த வித்தியாசத்தில்தான் அவர் தூங்காமல் இருந்தார். வருஷம் வருஷமாக அனுப்பவேயில்லை.

கண்காட்சியில் வியாபாரிகள் கிண்டல் செய்வார்கள். அதில் சம்பத் என்பவர் பெரிய வாயாடி. "ஊபிரி சார், மகராசினி எப்புடு பம்பிஸ்தாரு? பெண்ணு வயசாகிப்போச்சு" என்பார். அனுப்புகிற உத்தேசம் உண்டா என்று கேட்கிறார். "அவ எழுபதுதான். எனக்குத் தெரியும். ஊருக்கு எதுக்குச் சொல்லணும்?" என்று சார் நகர்ந்துவிடுவார். ஊர் முழுக்க மார்க்குப் போடுகிற மனிதருக்குத் தன் பிள்ளையைப் பரீட்சைக்கு அனுப்பப் பயம். அந்த விஷயத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வகுப்பு.

போன வருஷம் ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருந்தபோது என் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. வலிக்கவில்லை. வலிக்காததுதான் மோசம் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. பக்கத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊசியால் கொஞ்சம் எடுத்து டெஸ்ட் பண்ணிவிடு என்று சொன்னார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. காலர் பட்டனை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டேன். வீட்டுக்காரி கேட்டதற்கு ஜலதோஷம் என்றேன். பொழுது விடிந்தால் அந்தப் புளியங்கொட்டையைத் தடவிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

மூச்சு சாரின் கண்ணுக்கு எது தப்பும்? ஒரு சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து குரல்.

"அது என்னடே கழுத்துல?"

"ஒண்ணுமில்ல சார். வேர்க்குரு சார்."

பட்டனைக் கழற்றச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர் பார்த்துக்கொண்டேயிருக்க, சார் என் கழுத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தார். நான் மார்க்குக்குக் காத்திருந்தேன். கண்ணாடியை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு நான் மார்க்குப் போடமாட்டேன். இதப் பாக்கதுக்கு வேற ஆளு இருக்காவ. போனியா?"

"நக்கோ சார், போகல. பயமா இருக்கு சார்."

"பயந்தா? போகாம இருந்தா கட்டி கரைஞ்சிருமா?"

எனக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. "நீங்க மட்டும் மகராசிய அனுப்பினீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

பச்சை விழுந்து, நான் வழக்கம்போல் யோசித்து, மறுபடி சிவப்பும் விழுந்துவிட்டது.

"சரி. நான் அவள அனுப்புதேன். நீ கழுத்தக் காட்டு" என்றார்.

சொன்னபடி செய்தார். அனுப்புகிற ஏஜென்டிடம் கொண்டுபோன நாளில் மகராசிக்கு மூன்று சுற்று டவல். ஏஜென்ட் பெட்டியை வாங்கி உள்ளே போனதும், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பியபோதுகூட அவர் அப்படி நின்றதில்லை என்று ஆன்ட்டி சொன்னார்.

என் முறை வந்தது. இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. இந்தப் புத்தி எப்படி என்றால், அடுத்து வருகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியாக இருந்தால் வீட்டில் எல்லோரும் சுகம், இல்லாவிட்டால் யாருக்கோ ஜுரம் என்று தானாகவே பந்தயம் கட்டும். அது இப்போது ஒன்று கட்டிவிட்டது: மகராசிக்கு எழுபது வந்தால் என் கட்டியில் ஒன்றுமில்லை. எழுபது வராவிட்டால் எல்லாம் முடிந்தது, டெஸ்ட்டுக்குப் போயும் பிரயோஜனம் இல்லை. ஆகவே காசு திரும்பி வரட்டும், பிறகு போகிறேன் என்று சாரிடம் சொல்லிவிட்டேன்.

"கிறுக்குப் பயலே, அதுக்கும் இதுக்கும் என்னடே சம்பந்தம்?"

"தெரியல சார். அப்படித்தான் சார் மனசுல விழுந்துடுச்சு."

திட்டினார். ஆன்ட்டியை விட்டுச் சொல்லவைத்தார். பாஸ்டரை விட்டு ஜெபிக்கவைத்தார். நான் அசையவில்லை. பயந்தவனின் பிடிவாதம் இருக்கிறதே, அது வீரனிடம்கூட இருக்காது. காசு போன இடத்திலிருந்து சேதி இல்லை. மாதம் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. புளியங்கொட்டை இலந்தைப்பழமாயிற்று. சார் காரில் ஏறியதும் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார். பிறகு பெட்டியைப் பார்ப்பார். முன்பெல்லாம் பெட்டியைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு நாள் காலையில் போன்.

"வந்துட்டுடே. எழுபது."

அவ்வளவுதான் சொன்னார். குரலில் குதூகலம் இல்லை. மூச்சு சாரின் குதூகலம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாததால் சந்தேகம் வரவில்லை. நான் வாசலுக்கு ஓடிவந்து, கும்பிட சாமி எந்தப் பக்கம் என்று தெரியாமல் நாலு பக்கமும் கும்பிட்டேன். அவர் வீட்டுக்குப் போய், "காட்டுங்க சார்" என்று நின்றேன்.

"மொதல்ல நீ கழுத்தக் காட்டு. பொறவு நான் காசக் காட்டுதேன். வண்டிய எடு."

அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவரும் உள்ளே வந்தார். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு, ஊசியால் எடுத்ததை ஒரு கண்ணாடித் துண்டில் தடவி, அந்தத் துண்டின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்துத் தூக்கினார். நான் பாதி மயக்கத்தில் இருந்தேன். என் காதருகே சார் குனிந்து, "பாத்தியா, விளிம்புல பிடிச்சா. நல்ல டாக்டர்டே. அறுபத்தெட்டுப் போடலாம்" என்றார். டாக்டரம்மா, "அங்கிள், கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?" என்றார். மூச்சு சாரையே ஒருவர் அடக்கியதை நான் பார்த்தது அன்றுதான்.

முடிவு வந்தது. கெட்ட கட்டிதான். ஆனால் கெட்டதிலேயே சாதுவான வகை, இன்னும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை, சீக்கிரம் எடுத்துவிட்டால் தொந்தரவு இல்லை, இப்படியே விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டரம்மா. எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. வராந்தாவுக்கு வந்ததும் சார்மேல் பாய்ந்தேன்.

"எழுபதுன்னீங்களே சார். எழுபது வந்தா ஒண்ணுமில்லன்னுல்ல வச்சிருந்தேன்."

"கணக்குப் பரீட்சைல மயக்கம் போட்டவன்தான நீ. கணக்க அந்த அம்மா பாத்துக்கிடுவா. நீ படுத்துக் கெட."

படுத்துக் கிடந்தேன். ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் தையல். பேச முடியாது, எழுந்திருக்க முடியாது. பயப்படுவதற்கு இவ்வளவு வசதியான நேரம் எனக்கு அமைந்ததே இல்லை. இருந்தாலும் பயம் வரவில்லை. காரணம், என் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் மூச்சு சார் தினமும் வந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கஞ்சிக்கு, நர்ஸ் ஊசி போட்ட விதத்துக்கு, பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டைக்கு என்று மார்க்குப் போட்டுக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரி சிரித்துச் சிரித்து அழுதாள்.

ஒரு நாள் ஆன்ட்டி மட்டும் சூப் கொண்டுவந்தார். சார் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். நான் கட்டைக் குரலில், "ஆன்ட்டி, மகராசிய நான் இன்னும் பாக்கவே இல்ல. எழுபது வாங்கின மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்" என்றேன்.

ஆன்ட்டி ஸ்பூனைக் கீழே வைத்தார்.

"எங்க எழுபது? அறுபத்தெட்டு. அன்னைக்கு பார்சலப் பிரிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டாவ. நான்கூட நெஞ்சு வலியோன்னு பயந்துட்டேன். பொறவு எந்திச்சுப் போய் உனக்கு போனப் போட்டு எழுபதுங்காவ. என்ன இது, இப்படிப் பொய்யி சொல்லுதியளேன்னு கேட்டேன். 'அறுபத்தெட்டுன்னா அவன் போமாட்டான்ட்டி'ன்னாவ. நான் சொன்னதா சொல்லிராதப்பா."

சூப்பைக் குடித்தேன். பாதிக் கிண்ணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். தையல்தான் காரணம் என்று ஆன்ட்டியிடம் சொன்னேன்.

மார்க்கில் ஒன்றைக் கூட்டிப் போட்டிருந்தால் மாப்பிள்ளை வீட்டோடு சண்டை வந்திருக்காது. பெண்டாட்டியின் குழம்புக்கு மூன்று கூட்டிப் போட்டிருந்தால் வீட்டில் நிம்மதி இருந்திருக்கும். எதற்கும் கூட்டாத மனிதர்.

தேறி எழுந்து, கழுத்தில் தழும்போடும் தினசரி ஒரு மாத்திரையோடும் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். முதல் சவாரி, அதே நாம்பள்ளிக் கண்காட்சி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நானும் உள்ளே போனேன். சம்பத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"ஊபிரி சார், மகராசி வந்துட்டாளாமே? எத்தனை?"

சுற்றிலும் ஏழெட்டு வியாபாரிகள் திரும்பினார்கள். சார் பதில் சொல்வதற்கு முன்னால் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தள்ளி நிற்கிறேனா என்று பார்த்திருப்பார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எழுபது" என்றார்.

"அரே வாஹ். எக்கட? சூபிஞ்சண்டி." எங்கே, காட்டுங்கள் என்கிறார்.

"வீட்டுல இருக்கு."

"எழுபது வாங்கின காச வீட்டுல வச்சிட்டு வர்ற ஆளா சார் நீங்க?" என்று சம்பத் எல்லோரையும் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கம்பெனி பிளாஸ்டிக் பெட்டியின்மேல் இருக்கிற நம்பரைச் சொன்னால் போனிலேயே பார்த்துவிடலாமே என்றார் இன்னொருவர். சிரிப்பு பரவியது. இத்தனை வருஷம் அந்த ஹாலில் மூச்சு சார் சொன்ன மார்க்கை யாரும் மறுத்துப் பேசியதில்லை. மற்றவர்கள் காசை விற்குமுன் அவரிடம் காட்டி, அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு போவார்கள். அந்த மனிதர் காது சிவக்க நின்றார். 'அறுபத்தெட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அடங்கியிருப்பார்கள். நான் நிற்கிறேன் என்பதற்காக அவர் சொல்லவில்லை.

எனக்குக் கை வேர்த்தது. நாலு பேருக்கு நடுவில் நான் வாயைத் திறந்ததே கிடையாது.

"நான் பாத்தேன்" என்றேன். ஆபரேஷனுக்குப் பிறகு என் குரல் கரகரவென்று வரும். அதனாலோ என்னவோ எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என் கையில குடுத்தாரு. எழுபதுதான் போட்டிருந்துச்சு."

சம்பத் என் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "சரே, சரே. சாய் தாகுதாம் ரண்டி சார்" என்று சாரின் தோளில் கைபோட்டு டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பும்போது தார்நாகா வந்த பிறகு சார் கேட்டார்:

"நீ எப்பம்டே பாத்த?"

"நீங்க போன்ல சொன்னீங்களே சார். அப்பதான்."

"ம்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டு வாசலில் இறங்கினார். பெட்டியை ஆன்ட்டி வந்து வாங்கிக்கொண்டு போனார். சார் மட்டும் கார்க் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு வருவியாடே?"

நாளைக்கு அவருக்கு எங்கும் போக வேண்டியதில்லை. அது எனக்கும் தெரியும்.

"வரேன் சார்" என்றேன்.